சதை துடிக்கிறது, டெஸ்ட் எல்லாம் நார்மல், பயம் மட்டும் போகவில்லை

கேட்டவர் 32 வயது இளைஞர், கணினி வேலை. நான்கு மாதமாக இடது கெண்டைக்கால் சதை துடிக்கிறது. பிறகு தொடை, புஜம், கண் இமை, கட்டைவிரல் என்று துடிப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதல் பக்கத்திலேயே ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகும் கொடிய நோய்) வந்து நின்றது. நரம்பியல் மருத்துவர் ஒருவர் சுத்தியலால் தட்டிப் பார்த்து, தசையில் ஊசி குத்தி அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி பரிசோதனையும் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் பழைய கதை. கால் பலவீனமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறார். "அவர் எதையாவது தவறவிட்டிருப்பாரோ? எனக்கு இந்த நோய் இல்லை என்று நூறு சதவீதம் தெரிந்துகொள்வது எப்படி? ஆறு மாதம் கழித்து இன்னொரு ஈஎம்ஜி எடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் பொது மருத்துவர். இதே கேள்வியோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது மட்டுமில்லை, நானே இந்தக் கிணற்றில் விழுந்து ஏறியவன்.

மேற்படிப்பு இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. விடுதி அறையில் இரவு ஒரு மணிக்கு இயக்க நரம்பு நோய்கள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைப் பிடித்திருந்த வலது கட்டைவிரல் தானாக ஒரு சொடுக்குச் சொடுக்கியது. உடனே இன்னொன்று. புத்தகத்தில் எழுதியிருப்பது என் கையில் நடக்கிறது! விடியும் வரை இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கடியில் வைத்து, எந்தப் பக்கக் கட்டைவிரல் மேடு வற்றியிருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு சீனியரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நேத்து எத்தனை டீ குடிச்சே?" என்றார். எட்டு. தூக்கம் எவ்வளவு? மூன்று மணி நேரம். "போய்த் தூங்கு" என்றார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் காலில் துடித்தது, மறுபடி போனேன். மறுபடி பார்த்தார். ஐந்தாவது முறை போனபோது கையைத் தொடக்கூட இல்லை. "இனிமே இதுக்காக என்கிட்ட வந்தா பார்க்க மாட்டேன். நான் பார்க்கிறதாலதான் உனக்கு இது விடமாட்டேங்குது" என்றார். அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்குக் கிடைத்த சரியான சிகிச்சை அதுதான் என்று புரிய வருடங்கள் ஆயின.

முதலில் துடிப்பைப் பற்றி. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் ஒரு நரம்பணு, தசைக்குள் போய்ப் பல கிளைகளாகப் பிரிந்து நிறைய நார்களைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணை உருட்டும் தசையில் ஒரு நரம்பணுவுக்குப் பத்துப் பன்னிரண்டு நார் இருந்தாலே அதிகம். கெண்டைக்காலில் ஒரு நரம்பணு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்களை இழுக்கிறது. அந்த ஒரு நரம்பு, பெரும்பாலும் அதன் நுனிக்கிளைகளில், யாரும் சொல்லாமலே ஒரு மின்பொறியைத் தட்டிவிட்டால் அத்தனை நார்களும் ஒன்றாகச் சுருங்கும். தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் தெரிவது அதுதான். கெண்டைக்காலும் பாதமும் நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே அதிகம் துடிக்கும் இடங்கள். தூக்கக்குறைவு, காபி, டீ, எனர்ஜி டிரிங்க், ஜிம்மில் போடும் ஊக்கப்பொடி, கடுமையான உடற்பயிற்சி, காய்ச்சல் கண்டு எழுந்த களைப்பு என எது வேண்டுமானாலும் நரம்பு நுனியைக் கொஞ்சம் முறுக்கேற்றிவிடும். பயமும் அப்படித்தான். அட்ரினலின் ஓடும் உடம்பில் நரம்பு சும்மா இருக்காது. அதாவது, துடிப்பைக் கண்டு பயந்தால் துடிப்பு கூடும். இந்த ஒன்று புரிந்தால் உங்கள் நான்கு மாதக் கதையில் பாதி புரிந்த மாதிரி.

எத்தனை பேருக்கு இது வரும்? 1963-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 539 மருத்துவத் துறைப் பணியாளர்களைக் கேட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஏதோ ஒரு சமயம் சதை துடித்ததாகச் சொன்னார்கள். அடுத்தது, பயத்தோடு வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், துடிப்பு மட்டும் இருந்து, பரிசோதனையில் வேறு கோளாறு எதுவும் இல்லாத 121 பேரைக் குறைந்தது 2 வருடம், சிலரை 32 வருடம் வரைகூடத் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவு 1993-ல் வெளியானது. அந்த 121 பேரில் ஒருவருக்குக்கூட ஏஎல்எஸ் வரவில்லை. மருத்துவர்களுக்கே இந்தப் பயம் எவ்வளவு வரும் என்றால், சிட்னி நரம்பியல் மருத்துவர்கள் 2013-ல் அதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்துக் கட்டுரை எழுதினார்கள். எனக்கு அப்போது அந்தப் பெயர் தெரிந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாகவாவது பயந்திருப்பேன்.

ஏஎல்எஸ் இப்படி வருவதில்லையா என்றால், துடிப்பே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு, அரிதாக. இல்லவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோயின் அடையாளம் துடிப்பு அல்ல, முடியாமல் போவது. சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. செருப்பு காலிலிருந்து நழுவும், பாதத்தைத் தூக்க முடியாமல் நுனி தரையில் இடறும். பேச்சு குழறும், தண்ணீர் விழுங்கும்போது புரையேறும். கை மெலிந்திருப்பதை வீட்டில் இருப்பவர்களே முதலில் கவனிப்பார்கள். இவை வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும், நாளுக்கு நாள் இடம் மாறி விளையாடாது. "கால் பலவீனமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தோன்றுவது வேறு, முடியாமல் போவது வேறு. அப்படித் தோன்றிய அன்றைக்கு மூன்று மாடி ஏறினீர்களா இல்லையா? பயந்தவர்களுக்குக் கால் கனக்கும், தள்ளாடுகிற மாதிரி இருக்கும், மரத்துப்போகும், ஊசி குத்தும். மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் உணர்வு நரம்பின் சமாச்சாரம். ஏஎல்எஸ் தாக்குவது இயக்க நரம்பை.

இன்னொன்று. நம் ஊர்க்காரர்கள் தேடினால் கண்டிப்பாக ஒரு கட்டத்தில் 'மெட்ராஸ் இயக்க நரம்பு நோய்' என்ற பெயரில் போய் முட்டுவார்கள். "டாக்டர், எங்க ஊர் பெயரிலேயே இருக்கு, இளம் வயசுலேயே வருமாமே" என்று நடுங்கியபடி என் முன் உட்கார்ந்தவர்கள் உண்டு. சென்னை மருத்துவர்கள் 1970-ல் விவரித்தது என்பதால் அந்தப் பெயர். மிக மிக அரிதான நோய். அதில் கைகால் மெலிந்து வலுவிழக்கும், முகத்திலும் தொண்டையிலும் பலவீனம் வரும், பலருக்குக் காது கேட்காமல் போகும். துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அந்தப் பட்டியலில் சேர முடியாது. ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இனி நீங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நுனிக்காலில் நிற்பது. குதிகாலில் நடப்பது. ஒற்றைக் காலில் துள்ளுவது. தையல்காரர் டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து போனில் குறித்துவைப்பது. (ஊன்றிப் பழகிய கால் கொஞ்சம் பருமனாக இருப்பது எல்லோருக்கும் சாதாரணம்.) துடிப்பதை வீடியோ எடுப்பது. அப்புறம் நாக்கு. கண்ணாடி முன் நின்று போன் டார்ச்சை அடித்து, நாக்கை நீட்டி, அது நடுங்குவதைப் பார்த்து மூச்சு நின்றுபோவது.

நாக்கை நீட்டினால் யாருக்கும் நடுங்கும். உங்கள் மனைவிக்கு நடுங்கும், எனக்கு நடுங்கும். நாங்கள் நாக்கில் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது நீட்டச் சொல்ல மாட்டோம். வாயைத் திறந்து, நாக்கு உள்ளே தளர்வாகக் கிடக்கும்போதுதான் பார்ப்போம். பதற்றத்தோடு இருக்கும் ஒருவருக்கு அப்படித் தளர்த்தி வைப்பதே கஷ்டம் என்பதால், நாக்கைப் பார்த்து முடிவு சொல்ல அனுபவசாலிகளே தயங்குவார்கள். குளியலறைக் கண்ணாடியில் நீங்கள் சொல்லும் தீர்ப்பு செல்லாது.

நுனிக்காலில் நாளுக்கு முப்பது முறை எழுந்து நின்றால் கெண்டைக்கால் களைக்கும், களைத்த தசை துடிக்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி முப்பது முறை. சோதித்துப் பார்க்கிறேன் என்று நீங்களே அறிகுறியைத் தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நம்மிடம் துடிநூல் என்றே ஒன்று இருந்தது. உடம்பின் எந்தப் பாகம் துடித்தால் என்ன நடக்கும் என்று பலன் சொல்லும் சாத்திரம். ஆணுக்கு வலக்கண் துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடக்கண் என்று என் பாட்டி கணக்கு வைத்திருந்தார். தனக்கு இடக்கண் துடித்தால் யாரோ வருகிறார்கள் என்று உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவார். படித்தவர்கள் நாம் அதைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு தொடை துடித்தால் என்ன பலன், நாக்கு துடித்தால் என்ன பலன் என்று தேடுவதும் துடிநூல் வாசிப்பதுதான். பாட்டிக்காவது பாதி பலன்கள் நல்லவையாக இருந்தன. இணையத் துடிநூலில் எல்லாப் பக்கத்திலும் சாவுதான். சாதாரண அறிகுறியைத் தேடப் போனவர்கள் எப்படிப் பயங்கர நோயில் போய் நிற்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சாதாரண அறிகுறிகள் மூன்று: தலைவலி, நெஞ்சுவலி, சதைத் துடிப்பு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. நூறு சதவீத உறுதி எப்படிக் கிடைக்கும்? கிடைக்காது. எந்த மருத்துவரும், எந்த மெஷினும் தர முடியாது. ஏஎல்எஸ் ஐரோப்பியக் கணக்குப்படி வருடத்துக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வருகிறது. இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் 1,68,000 பேருக்கு மேல் செத்தார்கள். லட்சத்துக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு பேர். ஆனாலும் நாளைக் காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுப்பீர்கள், வாசலில் நின்று இன்று லாரி மோதாது என்று உறுதிப் பத்திரம் கேட்க மாட்டீர்கள். இந்தக் கணக்கைச் சொன்னால் பயம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. "அந்த இரண்டு பேரில் ஒருவன் நான்" என்று இந்நேரம் மனசு சொல்லியிருக்கும். எண்ணைக் கொண்டு பயத்தை ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. உறுதி இல்லாமல் பைக் ஓட்டத் தெரிந்த உங்களுக்கு, உறுதி இல்லாமல் ஒரு கெண்டைக்காலோடு வாழவும் பழகும் என்பதற்காகச் சொன்னேன்.

ஒவ்வொரு முறை நீங்கள் சோதிக்கும்போதும், தேடும்போதும், மனைவியிடம் "எனக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்கும்போதும் ஒரு சின்ன நிம்மதி கிடைக்கிறது. அது சொறிவது மாதிரி. சொறிந்தால் சுகம், புண் ஆறாது. "நான் சோதித்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது, அடுத்த முறை சீக்கிரமே மணி அடிக்கிறது. அதனால் நிறுத்த வேண்டியது துடிப்பை இல்லை, சோதனையை.

எப்படி நிறுத்துவது? முதலில் மருத்துவப் பக்கத்தை ஒரே தடவையாக முடித்துவிடுங்கள். தைராய்டு, கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், பி12 ரத்தப் பரிசோதனைகள் எடுத்தாயிற்றா? ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரோ தியோஃபிலின் மாத்திரையோ, வேறு ஏதும் மருந்தோ எடுக்கிறீர்களா? அதைச் சொன்னீர்களா? அவற்றாலும் துடிக்கும். (விவசாய வேலை செய்கிறவர் யாராவது இதைப் படித்தால்: பூச்சிமருந்து தெளித்த அன்றே உடம்பெல்லாம் துடித்து, எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டினால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.) இவ்வளவும் பார்த்தாகிவிட்டது என்றால் கோப்பைக் கட்டிப் பரணில் போடுங்கள்.

அடுத்து சோதனைகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடுகிறேன் என்று சபதம் போடாதீர்கள், இரண்டாம் நாளே உடையும். தள்ளிப்போடுங்கள். நுனிக்காலில் நிற்கத் தோன்றினால், "சரி, சாயங்காலம் ஆறரை மணிக்கு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆறரை முதல் ஆறே முக்கால் வரை கவலைப்பட நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் நாற்காலியில் உட்கார்ந்து கவலை மட்டும் படுங்கள், வேறு வேலை வேண்டாம். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் ஆறரை மணி வரும்போது பாதி நாள் என்ன கவலை என்றே மறந்திருக்கும். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். துடிப்புகளை அதில் எழுத வேண்டாம். சோதிக்கத் தோன்றியும் சோதிக்காமல் விட்ட தடவைகளுக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள். என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை முதல் வாரம் மூன்று கோடு கொண்டுவந்தார். ஆறாவது வாரம் நோட்டையே வீட்டில் மறந்துவிட்டு வந்தார்.

மனைவியிடம் பேசுங்கள். "நான் கேட்டால் ஒண்ணும் இல்லைன்னு சொல்லாதே, டாக்டர் சொன்னதுதான் என்று மட்டும் சொல்லு" என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவருக்கு முதலில் கல்நெஞ்சாகத் தோன்றும், உங்களுக்கு என் சீனியர் மேல் எனக்கு வந்த கோபம் வரும். வரட்டும். பயந்தவர்கள் ஒருவருக்கொருவர் துடிப்பு வீடியோ அனுப்பிக்கொள்ளும் குழுக்களில் இருந்தால் இன்றைக்கே வெளியேறுங்கள்.

மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். படுக்கையில் போன் வேண்டாம். படுத்தவுடன் துடிப்பு அதிகமாகத் தெரிவது வழக்கம்தான். வேறு சத்தமோ அசைவோ இல்லாதபோது உடம்பு பேசுவது கேட்கும். எழுந்து நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். உடற்பயிற்சியைப் பயத்தில் நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். நடந்துவிட்டு வந்த இரவு கால் கொஞ்சம் கூடுதலாகத் துடிக்கும், அது கணக்கில் சேராது.

இவ்வளவு செய்தும் வேலை கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தையைக் கொஞ்சும்போதே "நான் இல்லாமல் இது எப்படி வளரும்" என்று கண் கலங்குகிறது என்றால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போங்கள். பைத்தியம் என்று அர்த்தமில்லை, கற்பனை என்றும் இல்லை. துடிப்பு நிஜம், பயமும் நிஜம். உடல்நலப் பயத்துக்கு சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகளுக்கு வந்த, இப்படிப் பயந்த 444 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் லான்செட் இதழில் வந்தது. சிகிச்சை கொடுத்தவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் உண்டு. பலன் வருடக்கணக்கில் நீடித்தது. உடனே நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். பதற்றத்தைக் குறைக்க எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் மாதிரி மாத்திரை எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம். முழுப்பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும், ஆரம்ப நாட்களில் படபடப்பும் துடிப்பும் கொஞ்சம் கூடலாம். அதைப் பார்த்து நிறுத்திவிட்டு ஓடிவந்தவர்கள் நிறைய. தெரிந்த மருந்துக்கடையில் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம். அது பழகிவிட்டால் விடுவிப்பது துடிப்புப் பயத்தைவிடப் பெரிய பாடு.

துடிப்பு எப்போது நிற்கும் என்றும் கேட்பீர்கள். சிலருக்கு மாதங்களில் நிற்கும், சிலருக்கு வருடக்கணக்கில் வந்து வந்து போகும். எனக்குப் பாதத்தில் இன்னும் வரும், தொடர்ந்து இரண்டு நாள் தூக்கம் கெட்டால்.

கடைசியாக அந்த ஈஎம்ஜி. பலவீனம் எதுவும் இல்லாமல், பரிசோதனை சுத்தமாக இருந்து, ஊசிப் பரிசோதனையும் நார்மல் என்று வந்த பிறகு, துடிப்புக்காக மட்டும் இன்னொன்று எடுக்க வேண்டாம். அதுவும் நார்மலாகத்தான் வரும், ஒரு வாரம் நிம்மதி தரும், எட்டாம் நாள் மூன்றாவதைக் கேட்பீர்கள். மேலே சொன்ன மாதிரி ஏதாவது வேலை செய்ய உண்மையிலேயே முடியாமல் போய், அது வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் தாராளமாக வாருங்கள். அதைக் குளியலறையில் தேட வேண்டியதில்லை, அதுவே வந்து தெரிவிக்கும். ஈஎம்ஜிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஆனி, ஆடிச் சாரலுக்கு வீட்டில் எல்லோரையும் குற்றாலம் கூட்டிப்போய் வாருங்கள். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது எந்தச் சதை துடிக்கிறது என்று தெரியப்போவதில்லை. பாறை வழுக்கும், அங்கே மட்டும் காலைப் பார்த்து வையுங்கள்.